பெய்ஜிங்கிலிருந்து சியானுக்குத் தரைவழிப் பயணம்

கேள்வி: விமானம் ஏறாமல், பழைய நகரங்களைப் பார்த்தபடியே 9 நாட்களில் சியான் சென்று சேர எண்ணியுள்ளோம். வழியில் எங்கெங்கே இறங்கலாம்?

பதில் 1: தாதொங், பிங்யாவ், லோயாங் என்ற வரிசையை மாற்றாதீர்கள். வடசீனாவை ஆண்ட வடக்கு வெய் அரசு 494இல் தாதொங்கிலிருந்து லோயாங்குக்குத் தலைநகரை மாற்றியதால், தாதொங் அருகிலுள்ள யுன்காங் குகைகளை முதலில் பார்த்துவிட்டு லோயாங் அருகிலுள்ள லோங்மென் குகைகளுக்குச் செல்பவர்கள், புத்தர் சிலைகளின் பருத்த உடல் மெலிவதையும் ஆடை மடிப்புகள் தளர்ந்து வழிவதையும் நேரிலேயே காணலாம்.

பதில் 2: பிங்யாவில் பழைய நகர மதிலுக்குள்ளேயே ஓரிரவு தங்குங்கள். அதிவேக ரயில் நிற்கும் பிங்யாவ் குச்செங் (‘பழைய நகரம்’ என்று பொருள்) நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. பழைய நிலையமே மதிலுக்கு அருகில். (பெயரைக் கவனிக்காமல் நான் அலைந்தேன்.)

கேட்டவர்: நன்றி. பயணச்சீட்டு?

பதில் 2: பொதுவாக 15 நாட்களுக்கு முன்பு விற்பனை தொடங்கும். கடவுச்சீட்டைக் காட்டியே ரயிலேற வேண்டும் என்பதால் அதைப் பெட்டிக்குள் பூட்டிவிடாதீர்கள். சீனாவின் தேசிய விடுமுறைக் கூட்டம் இருக்கும் அக்டோபர் முதல் வாரம் மட்டும் வேண்டாம்.