கைரோபிராக்டிக் கிளினிக் வளர 36 தடவைத் தொகுப்பு விற்கத்தான் வேண்டுமா?

பிளேனோவாசி:
என் மனைவி கைரோபிராக்டர், அதாவது முதுகெலும்பைக் கையால் சரிசெய்து வலிக்குச் சிகிச்சை தருபவள். டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் சென்ற ஆண்டு தனியாகக் கிளினிக் தொடங்கினாள். கைராசிக்காரி என்று வந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் வருபவர்கள் குறைவு. கடை வாடகை, சிகிச்சை மேசைக் கடன், படிப்புக் கடன் மூன்றும் மாதம் பிறந்ததும் வாசலில் நிற்கின்றன. வரவேற்பு மேசையையும் கணக்கையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

கிளினிக்குகளை வளர்த்துத் தருவதாகச் சொல்லும் ஒரு பயிற்சி நிறுவனம் எங்களை அணுகியிருக்கிறது. ஃபேஸ்புக்கில் "பரிசோதனையும் எக்ஸ்-ரேயும் சேர்த்து 49 டாலர்" என்று விளம்பரம் போட வேண்டுமாம். முதல் நாள் சிகிச்சை கிடையாது. இரண்டாம் நாள் வாழ்க்கைத் துணையையும் உடன் வரச் சொல்லி, எக்ஸ்-ரேயைத் திரையில் போட்டு, சிவப்புக் கோடு கிழித்துக் காட்டி, 36 தடவைத் தொகுப்பை முன்வைக்க வேண்டும். அன்றே முழுப் பணம் கட்டினால் 15 சதவீதத் தள்ளுபடி. "யோசித்துச் சொல்கிறேன்" என்பவருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்றுகூடத் தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் கூடாரம் போட்டுக் குழந்தைகளின் முதுகைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

மனைவிக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. எனக்குப் பிடிக்கிறதா இல்லையா என்று யோசிக்க வங்கிக் கணக்கு இடம் கொடுக்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
நான் மருத்துவ பில்லிங் தொழிலில் இருப்பவன். கைரோபிராக்டர்களின் கணக்கை உள்ளும் புறமும் பார்த்தவன். காப்பீட்டை நம்பிக் கிளினிக் நடத்த முடியாது. ஆண்டுக்கு இத்தனை தடவைதான் என்று வரம்பு வைப்பார்கள். காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன், கழிவுத்தொகை என்ற முதல் பங்கை நோயாளி தன் கையிலிருந்து கட்டி முடிக்க வேண்டும். முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேரோ, கையால் முதுகெலும்பைச் சரிசெய்வதற்கு மட்டும்தான் பணம் தரும். பரிசோதனைக்கு இல்லை, எக்ஸ்-ரேக்கு இல்லை, உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பதற்கும் இல்லை. பிறகு வாடகைக்கு எங்கே போவது?

தொகுப்பு விற்பது குற்றமா? பல்லுக்குக் கம்பி கட்டுபவர் மொத்தமாகப் பேசித்தான் வாங்குகிறார். தி ஜாயின்ட் என்ற கிளினிக் சங்கிலி காப்பீட்டையே தொடாமல், முன்பதிவும் கேட்காமல், மாதச் சந்தாவிலேயே 900-க்கும் மேற்பட்ட கிளைகளை எட்டியிருக்கிறது. மக்கள் விரும்பித்தானே கட்டுகிறார்கள்? கைரோபிராக்டருக்கு மட்டும் ஏன் துறவறம்?

இந்தத் தொழில் விளம்பரத்தால் வளர்ந்தது. இதைத் தொடங்கிய டி.டி. பால்மரின் மகன் பி.ஜே. பால்மர் 1922-இல் ஒரு வானொலி நிலையத்தையே விலைக்கு வாங்கி அயோவாவின் டேவன்போர்ட்டில் நடத்தினார். பத்தாண்டு கழித்து ரொனால்ட் ரீகன் அறிவிப்பாளராகச் சேர்ந்த அதே டபிள்யூ.ஓ.சி. நிலையம்தான் அது. அப்படிக் கூவியிருக்காவிட்டால் ஊரை ஆண்ட அமெரிக்க மருத்துவர் சங்கம் இவர்களை முளையிலேயே கிள்ளியிருக்கும். கிள்ளத்தான் பார்த்தது என்று 1987-இல், வில்க் என்ற கைரோபிராக்டரும் மற்றவர்களும் போட்ட வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றமே தீர்ப்பளித்தது. பயிற்சி நிறுவனம் சொல்வதைச் செய்யுங்கள், நண்பரே. வெட்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதுகுமருத்துவன்:
நான் உடலியக்க மறுவாழ்வு மருத்துவன். கைரோபிராக்டர்களுக்கு நோயாளிகளை அனுப்புகிறவன்தான். ஆகவே விரோதி என்று முத்திரை குத்த வேண்டாம்.

பல்லுக்குக் கம்பி கட்டுவது எங்கே முடியும் என்று முதல் நாளே தெரியும். பல் வரிசைக்கு வந்துவிட்டதை நோயாளியே கண்ணாடியில் பார்த்துக்கொள்வார். உங்கள் 36 எங்கிருந்து வந்தது? நோயாளி கதவைத் திறக்கும் முன்பே அந்த எண் தாளில் இருக்கிறது. இருபத்தைந்து வயதுக்காரருக்கும் அறுபது வயதுக்காரருக்கும் அதே 36. அமெரிக்க உள்மருத்துவர் கல்லூரி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் சூடு, மசாஜ், அக்குபங்சர், கையால் செய்யும் முதுகெலும்புச் சிகிச்சை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. உங்கள் தொழிலுக்குக் கிடைத்த நல்ல சான்றிதழ் இது. ஆனால் அதே வழிகாட்டுதல், இந்த வலி பெரும்பாலோருக்கு எது செய்தாலும் நாளடைவில் குறையும் என்றும் சொல்கிறது. சில வாரம் பார்த்து, மறுபடி அளந்து, குறையாவிட்டால் வழியை மாற்றுவதுதான் வைத்தியம். 36-க்கும் முன்பணம் வாங்கிய பிறகு எந்தக் கை அளக்கும்?

எக்ஸ்-ரே விஷயம் இன்னும் மோசம். ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாத புது இடுப்பு வலிக்கு முதல் ஆறு வாரத்துக்குள் முதுகெலும்புப் படம் எடுக்காதீர்கள் என்று 2017-இல் அறிவுறுத்தியது மருத்துவர் சங்கம் அல்ல, அமெரிக்கக் கைரோபிராக்டிக் சங்கமேதான். சொந்தச் சங்கம் வேண்டாம் என்பதை 49 டாலருக்குக் கூவி விற்பதா? நாற்பது வயது தாண்டிய யாருடைய படத்திலும் சிவப்புக் கோடு கிழிக்க ஏதாவது அகப்படும். வலியே இல்லாதவர்களின் படத்திலும் தேய்மானம் தெரியும்.

வில்க் வழக்கைப் பற்றி ஒரு வரி. மருத்துவர்கள் கூட்டுச் சேர்ந்து புறக்கணித்தது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்பதுதான் தீர்ப்பு. கைரோபிராக்டிக் எதையெதைக் குணமாக்கும் என்று அந்த நீதிபதி சொல்லவில்லை.

வலிகண்டவள்:
வேறு மாநிலத்தில் இப்படி ஒரு தொகுப்புக்கு நானும் பணம் கட்டியவள். வலி சில வாரங்களிலேயே போய்விட்டது. அந்தப் பெருமை அவர்களுக்கு உண்டு. மீதிப் பணத்தைக் கேட்டபோதுதான் சங்கதி தெரிந்தது. நடந்து முடிந்த ஒவ்வொரு தடவைக்கும் தள்ளுபடி விலையைக் கழிக்காமல், சுவரில் எழுதியிருந்த முழு விலையைக் கழித்தார்கள். கையில் வந்தது சொற்பம். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அப்படித்தான் இருந்தது. கையெழுத்துப் போட்ட அன்று என் கணவரும் பக்கத்தில் இருந்தார். திரையில் என் முதுகெலும்பைப் பார்த்து முகம் வெளுத்து, "பணத்தைப் பார்க்காதே, கட்டிவிடு" என்றவர் அவர்தான். வாழ்க்கைத் துணையை ஏன் கூட்டி வரச் சொல்கிறார்கள் என்று இப்போது புரிகிறது.

குணமாகியும் அந்தக் கிளினிக்கின் பெயரை இன்றுவரை யாருக்கும் நான் சொன்னதில்லை. இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள், கணக்குப்பிள்ளை ஐயா?

கணக்குப்பிள்ளை:
அம்மா, அது ஒப்பந்தத்தின் கோளாறு. தொகுப்பின் கோளாறு இல்லை. நடந்தது போக மீதியைத் தள்ளுபடி விலையிலேயே திருப்பித் தருவோம் என்று முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதட்டும். முன்பணத்துக்கான விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கைரோபிராக்டர்களுக்கு உரிமம் தரும் டெக்சஸ் போர்டிடம் எழுதிக் கேட்டு, வந்த பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளட்டும்.

டாக்டர், உங்களுக்கு மாதம் பிறந்தால் மருத்துவமனை சம்பளம் போடுகிறது. தனிக்கடை போட்டவருக்கு யார் போடுவார்கள்? பணம் கட்டியவர்தான் ஒழுங்காக வருகிறார். வலி பாதி குறைந்ததும் பாதியில் நின்றுவிட்டு, மூன்று மாதம் கழித்து "உங்கள் வைத்தியம் பலிக்கவில்லை" என்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றில் மட்டும் நானும் எச்சரிப்பேன். 65 வயது தாண்டி மெடிகேரில் இருப்பவரிடம் இந்தத் தொகுப்பை நீட்டாதீர்கள். மற்ற மருத்துவர்களைப் போல மெடிகேரிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை கைரோபிராக்டருக்கு இல்லை. மெடிகேர் தரும் சிகிச்சைக்கு மெடிகேருக்குத்தான் பில் அனுப்ப வேண்டும். வலி தீர்ந்த பிறகும் தொடரும் பராமரிப்புக்கு மெடிகேர் தராது என்பதை அதற்குரிய படிவத்தில் எழுதி, முன்கூட்டியே கையெழுத்து வாங்க வேண்டும். இலவசப் பரிசோதனை, பரிசுப் பை என்று அவர்களைக் கவர்வதற்கும் தடை உண்டு. ஒரு தடவைக்கு 15 டாலர், ஆண்டுக்கு 75 டாலர் என்ற மதிப்பைத் தாண்டினால் வம்பு.

முதுகுமருத்துவன்:
அந்தப் பராமரிப்புச் சங்கதியைச் சற்று விரித்தே சொல்லியிருக்கலாமே? கைரோபிராக்டிக் சிகிச்சைக்காக மெடிகேர் 2013-இல் கொடுத்த ஏறத்தாழ 43.8 கோடி டாலரில் 35.9 கோடி, அதாவது 82 சதவீதம், விதிக்குப் பொருந்தாமல் போனது என்று அரசுத் தணிக்கை 2016-இல் மதிப்பிட்டது. "நிறுத்தாதே, வந்துகொண்டே இரு" என்ற பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பொங்கல் கூடாரத்துக்கு வருகிறேன். சர்க்கரைப் பொங்கல் வாங்க வரிசையில் நிற்கும் எட்டு வயதுப் பையனை நிறுத்தி, "ஒரு தோள் இறங்கியிருக்கிறது" என்று தாயிடம் சொன்னால் அவள் இரவெல்லாம் தூங்குவாளா? இந்தத் தொழிலின் பழைய நோய் இது. 1895-இல் டி.டி. பால்மர் ஹார்வி லில்லார்டின் முதுகைத் தட்டிச் செவிட்டைப் போக்கியதாகக் கதை தொடங்கியது. காது கேட்கும் நரம்பு முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை. குழந்தைகளின் காதுத் தொற்றுக்கும் வயிற்று வலி அழுகைக்கும் இது மருந்து என்ற கூற்றுகளை விமர்சித்து 2008-இல் அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங் எழுதியபோது, பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் அவர்மேல் அவதூறு வழக்குப் போட்டது. 2010-இல் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. குழந்தைகளை விட்டுவிடுங்கள்.

எடிசன்காரி:
நியூ ஜெர்சியில் கிளினிக் வைத்திருக்கும் கைரோபிராக்டர் நான். டாக்டருடைய தொனி எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சொன்னதில் பிழை இல்லை. கணக்குப்பிள்ளை சொல்லும் வாடகையையும் நான் மறந்துவிடவில்லை; மாதாமாதம் கட்டுகிறேன்.

நான் வளர்ந்தது கடிதத்தால். புது நோயாளி யாராக இருந்தாலும் குடும்ப மருத்துவர் யார் என்று கேட்டு, சம்மதக் கையெழுத்து வாங்கி, அவருக்கு ஒரு பக்கக் கடிதம் ஃபேக்ஸில் அனுப்புவேன். (ஆம், ஃபேக்ஸ்தான். அமெரிக்க மருத்துவத்தில் அதற்கு இன்னும் சாவு வரவில்லை.) என்ன வலி, என்ன கண்டேன், என்ன செய்தேன், எதைச் செய்யவில்லை, ஏன் செய்யவில்லை. அந்தக் கடைசி இரண்டு வரிகளைத்தான் மருத்துவர்கள் படிக்கிறார்கள். "இந்தியாவிலிருந்து வந்திருக்கும் 71 வயது அம்மா, எலும்புத் தேய்வு இருக்கலாம் என்பதால் அழுத்தித் திருப்பவில்லை, எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்குப் பரிந்துரைக்கிறேன்" என்று எழுதிய கடிதத்துக்குப் பிறகு, அதுவரை என் பக்கம் திரும்பாத ஒரு மருத்துவர் வாரந்தோறும் யாரையாவது அனுப்பத் தொடங்கினார். நான்காம் வாரம் இன்னொரு கடிதம் போகும்: இடுப்பு வலியால் அன்றாட வேலை எவ்வளவு முடங்குகிறது என்று அளக்கும் ஆஸ்வெஸ்ட்ரி கேள்வித்தாளில் முதல் நாள் 42, இன்று 18 (குறைந்தால் நல்லது), சிகிச்சை நிறுத்தப்பட்டது. நிறுத்தினேன் என்று எழுதும் கைரோபிராக்டரை அவர்கள் அதிகம் பார்த்ததில்லை போலிருக்கிறது.

இன்னொன்று, மருத்துவரைவிட அவருடைய அலுவலகத்தில் பரிந்துரைத் தாளை அடிக்கும் பெண் முக்கியம். அவர் தொலைபேசியில் அழைத்தால் அன்றோ மறுநாளோ எப்படியாவது இடம் கொடுப்பேன். ஐ.டி. வேலைக்காரர்களுக்காக வாரத்தில் இரண்டு நாள் இரவு எட்டு வரை திறந்திருக்கிறேன்.

கூடாரத்துக்குப் பதில் நடனப் பள்ளிக்குப் போங்கள். அரைமண்டியில் மணிக்கணக்காக நிற்கும் பிள்ளைகளுக்கு இடுப்பும் முழங்காலும் எப்படிப் பிடிக்கும், ஆடுவதற்கு முன் எதை எப்படித் தளர்த்த வேண்டும் என்று அரைமணி நேரம் சொல்லிக்கொடுங்கள். யார் முதுகையும் தொட வேண்டாம், விலைத்தாளையும் நீட்ட வேண்டாம். உங்கள் பக்கம் கிரிக்கெட் அணிகள் ஏராளம், அங்கேயும் இதுவே.

முதுகுமருத்துவன்:
கிரிக்கெட் என்றதும் ஒரு குறுக்கீடு. பதினைந்து பதினாறு வயது வேகப்பந்து வீச்சாளன், ஒரு பக்க இடுப்பு வலி, பின்னால் வளையும்போது சுளீர் என்கிறது. இப்படி வந்தால் முதுகெலும்பில் அழுத்த முறிவாக இருக்கலாம். நெட்டி முறித்து அனுப்பினால் கெட்டது. படம் எடுக்க வேண்டிய இடுப்பு வலி இதுதான்.

எடிசன்காரி:
கல்லூரியிலேயே சொல்லித்தந்தார்கள், டாக்டர். அப்படி வந்தவனைத் தொடாமல் விளையாட்டு மருத்துவரிடம் அனுப்பினேன். அவன் அணித்தலைவர் பிறகு பாதி அணியையே என்னிடம் அனுப்பினார்.

கணக்குப்பிள்ளை:
கடிதம், நடனப் பள்ளி எல்லாம் சரி. பலன் தெரிய எத்தனை மாதம் ஆகும், அம்மா? அதுவரை வாடகையை யார் கட்டுவார்கள்? உங்கள் கணவர் சம்பளத்தில் ஓடியதா, வங்கிக் கடனில் ஓடியதா என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் ஆலோசனை முழுமை பெறும்.

எடிசன்காரி:
நியாயமான கேள்வி. முதல் இரண்டு ஆண்டு வீட்டுச் செலவு கணவர் சம்பளத்தில்தான் ஓடியது. அதோடு தனியிடம் எடுக்காமல், ஒரு பிசியோதெரபி நிலையத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தேன். பிளேனோவாசி ஏற்கெனவே தனிக்கடை போட்டுவிட்டார். அவர் நிலைமை என்னுடையதைவிடக் கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உள்ளே காலி அறை இருந்தால் மசாஜ் செய்பவருக்கோ பிசியோதெரபிஸ்டுக்கோ உள்வாடகைக்கு விட முடியுமா என்று கட்டட உரிமையாளரிடம் கேளுங்கள்.

பிளேனோவாசி:
அனைவருக்கும் நன்றி. பின்னால் ஓர் அறை அட்டைப்பெட்டிகளை அடுக்கத்தான் பயன்படுகிறது; இன்றே கேட்கிறேன். இன்னொரு சிக்கல். கூகுளில் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டு, "மூன்று தடவை போனேன், பலனில்லை" என்று எழுதியிருக்கிறார். அவர் வந்தது ஒரே தடவை. பதிவேடு என் கையில் இருக்கிறது. தேதியோடு பதில் போடு என்கிறது பயிற்சி நிறுவனம்.

கணக்குப்பிள்ளை:
போடவே போடாதீர்கள்! அவர் உங்கள் நோயாளி என்று ஒப்புக்கொள்வதே அந்தரங்கச் சட்ட மீறல். உங்கள் டல்லாஸிலேயே ஒரு பல் மருத்துவ நிலையம் இணைய விமர்சனத்துக்குப் பதில் எழுதும்போது நோயாளியின் விவரத்தை வெளியிட்டு, 2019-இல் 10,000 டாலர் கட்டியது. "எங்கள் அலுவலகத்தை நேரில் அழையுங்கள், பேசுவோம்" என்பதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். இதைக்கூடத் தெரியாமல் தேதி போடச் சொன்ன பயிற்சி நிறுவனத்துக்கு மாதம் எவ்வளவு கேட்கிறார்கள்?

பிளேனோவாசி:
ஓராண்டு ஒப்பந்தம். மொத்தமாகக் கட்டினால் 15 சதவீதத் தள்ளுபடி.

வலிகண்டவள்:
பின்பக்கத்தைப் படித்தீர்களா?