லெவல் 5 பார்ட்டி முன்னால் ட்ரோல் ஒரு ரவுண்டுகூட நிற்கவில்லை, எங்கே தப்பு செய்தேன்?

குகைவாசல்:
நான் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) ஆகி ஆறு மாதம்தான் ஆகிறது. டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், டைஸ் உருட்டிக் கதை நடத்தும் ஆட்டம்) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். ஐந்து பேர், எல்லோரும் லெவல் 5: பாலடின் (புனித வீரர்), விசார்ட் (மந்திரவாதி), ரோக் (திருடர்), கிளெரிக் (பூசாரி), ஓநாயோடு திரியும் ரேஞ்சர் (காட்டு வில்லாளி). மூன்று செஷனாக ஒரு ட்ரோலுக்கு (ராட்சத மான்ஸ்டர்) கதை கட்டிக்கொண்டு வந்தேன். காணாமல் போகும் ஆடுகள், ஆளுயரத்துக்கு மேலே மரத்தில் நகக்கீறல், ஊரில் யாரும் வாயைத் திறக்காதது என்று எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் குகைக்குள் நுழைந்தார்கள். பாலடின் இரண்டு வெட்டு, இரண்டிலும் ஸ்மைட் (மந்திர சக்தியைச் செலவழித்துக் கூடுதல் அடி), மொத்தம் 47 சேதம். விசார்ட் ஃபயர்பால் (நெருப்பு மந்திரம்), 31. ட்ரோலுக்கு ஒருமுறை கை நீட்ட வாய்த்தது, பாலடின் மேல் ஒரே ஒரு நகம் பட்டது. அடுத்து ரோக்கின் ஸ்னீக் அட்டாக் 17, கதை முடிந்தது. முதல் ரவுண்டே முடியவில்லை. ரேஞ்சர் ஆடுபவர் டைஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அடுத்த தடவை பெரிய மான்ஸ்டருக்கு எச்பியை (உயிர்ப் புள்ளிகளை) இரட்டிப்பாக்கிவிடலாமா? இல்லை, 2024 திருத்தத்தில் ஸ்மைட் துணைச் செயலாக, அதாவது போனஸ் ஆக்‌ஷனாக மாறியதால் ஒரு முறைக்கு ஒன்றுதான் போட முடியுமாமே, அந்த விதியை மட்டும் எடுத்து எங்கள் ஆட்டத்தில் வைத்துக்கொள்ளலாமா?

இருபதில்ஒன்று:
எச்பி விஷயத்துக்கு வேறு யாராவது வருவார்கள். நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். உங்கள் ட்ரோல் சாகவே இல்லை.

ட்ரோல் தன் முறை தொடங்கும்போது 10 எச்பி திரும்பப் பெறும். நெருப்போ ஆசிடோ பட்டால் அதற்கு அடுத்து வரும் ஒரே ஒரு முறைக்கு மட்டும் அது வேலை செய்யாது. உங்கள் ஃபயர்பால் ட்ரோலின் முறைக்கு முன்னாலேயே விழுந்துவிட்டது, அந்தத் தடை அப்போதே செலவாகிவிட்டது. ரோக் அடித்துச் சாய்த்தது அதற்குப் பிறகு. ட்ரோல் சாக வேண்டுமானால், தன் முறையை 0 எச்பியில் தொடங்க வேண்டும், அந்த முறை அதற்கு உடம்பு தேறாமலும் இருக்க வேண்டும். இடையில் வேறு யாரும் நெருப்பு வைக்கவில்லை என்றால், இரண்டாவது ரவுண்டில் 10 எச்பியோடு அது எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்புறம் உடலை என்ன செய்தார்கள்? எரித்தார்களா?

பழையவரைபடம்:
மேலே சொன்னது சரி. ஆனால் எழுந்திருந்தாலும் 10 எச்பிதானே, இன்னொரு வெட்டில் விழுந்திருக்கும். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பாலடினுக்கு லெவல் 5இல் முதல் நிலை ஸ்லாட் (மந்திரத்துக்கும் ஸ்மைட்டுக்கும் செலவாகும் சக்தி) நான்கு, இரண்டாம் நிலை இரண்டு. இரண்டாம் நிலை ஸ்மைட் என்றால் 3டி8 (எட்டு முக டைஸ் மூன்று), சராசரி 13.5. கிரேட்ஸ்வோர்ட் 2டி6, ஸ்ட்ரெங்த் 18 என்றால் +4, ஆக 11. இரண்டு வெட்டும் பட்டால் 49. ஃபயர்பால் சராசரி 28. மொத்தம் 77. ட்ரோலுக்கு இருப்பது 84. அதாவது நடந்தது அதிர்ஷ்டம் கிடையாது, கணக்குப்படியே நடந்திருக்கிறது. எல்லா ஸ்லாட்டும் நிரம்பிய பார்ட்டி தன்னிடம் இருப்பதிலேயே பெரியதை முதல் நிமிடத்தில் கொட்டினால் இந்த அளவு மான்ஸ்டர் எதுவும் தாங்காது. விதிகளின்படியே பார்த்தாலும், லெவல் 5இல் ஐந்து பேருக்கு ஈஸி என்பது 1250 எக்ஸ்பி (சண்டையின் கடினத்தை அளக்கும் புள்ளி), மீடியம் 2500. தனி ட்ரோல் 1800. நீங்கள் மூன்று செஷன் பயமுறுத்தி வளர்த்தது ஒரு ஈஸி சண்டை! சேலஞ்ச் ரேட்டிங் (மான்ஸ்டரின் பலத்தைக் காட்டும் எண்) 5 என்று போட்டிருப்பதைப் பார்த்து எல்லோரும் ஒருமுறையாவது இதில் ஏமாந்திருக்கிறோம், நானும்தான்.

குகைக்குள் போகும் முன் அன்றைக்கு எத்தனை சண்டை நடந்தது?

குகைவாசல்:
ஒன்றுமில்லை. முந்தின இரவு நிம்மதியாக லாங் ரெஸ்ட் எடுத்து, ஸ்லாட்டெல்லாம் நிரப்பிவிட்டுத்தான் போனார்கள். :(

உடலை எரிக்கவில்லை. தலையை வெட்டி மூட்டையில் கட்டிக்கொண்டார்கள், ஊர்த்தலைவரிடம் காட்டிப் பரிசு வாங்க. அத்தோடு செஷன் முடிந்தது.

பழையவரைபடம்:
அதுதான் விஷயம். இந்தப் பதிப்பே ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு சண்டை, நடுவில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் என்று மனதில் வைத்துக் கட்டப்பட்டது. யாரும் அப்படி ஆடுவதில்லை, நானும் ஆடுவதில்லை. ஆனால் குறைந்தது மூன்று வைத்துப் பாருங்கள். வாசலில் ஒரு சின்னச் சண்டை, வழியில் ஸ்லாட் தின்னும் ஒரு தடங்கல், அப்புறம் ட்ரோல். பாலடின் ஆடுபவர் ஒவ்வொரு ஸ்மைட்டுக்கும் யோசிக்க ஆரம்பிப்பார், அந்த யோசனையில்தான் விறுவிறுப்பு வரும். ஸ்மைட் விதியைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று, தனி மான்ஸ்டரை நம்பாதீர்கள். அவர்கள் ஐந்து முறை ஆடும்போது அது ஒருமுறை ஆடுகிறது. பெரிய டிராகன்களுக்கு மற்றவர் முறை முடிந்ததும் ஆட லெஜண்டரி ஆக்‌ஷன் கொடுத்திருப்பது இதற்காகத்தான், ட்ரோலுக்கு அது கிடையாது. அதே ட்ரோலோடு நான்கு கோப்ளின்களைச் சேருங்கள். 1800, நான்கு ஐம்பதுகள், ஐந்து மான்ஸ்டர் என்பதால் இரண்டால் பெருக்கினால் 4000, ஹார்ட் எல்லையான 3750ஐத் தாண்டிவிடும். கோப்ளினுக்கு 7 எச்பிதான், ஆனால் போனஸ் ஆக்‌ஷனில் ஒளிந்துகொள்ளும். நான்கையும் நான்கு மூலைப் பாறைமேல் வில்லோடு நிறுத்துங்கள், ஒரே ஃபயர்பாலில் எல்லாம் சிக்காதபடி. ஒன்றாகக் குவித்து வைத்தால் விசார்டுக்குப் பரிசு கொடுத்த மாதிரி. முக்கியமாக ரேஞ்சருக்கு அம்பு விட ஆள் கிடைக்கும்.

நரிக்குட்டி:
நானும் எங்கள் ஆட்டத்தில் பாலடின் ஆடுகிறவள், அதனால் கொஞ்சம் ஒருதலைப்பட்சம்தான். ஆட்டத்தின் நடுவில் என் ஸ்மைட்டைக் குறைத்தால் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் அதற்காகத்தான் இந்த கிளாஸையே எடுத்தேன். எச்பியை ரகசியமாக ஏற்றுவதும் எனக்குப் பிடிக்காது. 49 அடித்தும் அது சிரித்துக்கொண்டு நின்றால், அடுத்த தடவை ஸ்லாட்டைச் செலவழிக்கவே தோன்றாது.

நீங்கள் கவனிக்க வேண்டியது ரேஞ்சரை. 2014 விதியில் விலங்குத் துணையை அடிக்கச் சொல்ல ரேஞ்சர் தன் ஆக்‌ஷனைக் கொடுக்க வேண்டும். லெவல் 5 வந்தபிறகும், ஓநாய் அடித்தால் தன் பங்குக்கு ஒரே ஒரு அடிதான். 2020இல் வந்த மாற்றுத் துணை விதியில் போனஸ் ஆக்‌ஷன் போதும், இரண்டு அம்பும் விடலாம், ஓநாயும் பாயும். எங்கள் ஆட்டத்தில் இதை மாற்றியதிலிருந்து அந்த நண்பர் செல்போனைப் பார்ப்பதே இல்லை. பாலடினிடமிருந்து பிடுங்குவதற்குப் பதில் ரேஞ்சருக்குக் கொடுங்கள்.

ஆழக்கிணறு:
ட்ரோலைத் தண்ணீரில் வையுங்கள். குகைக்குள் ஒரு குளம். முழுக்க மூழ்கியிருந்தால் நெருப்புச் சேதம் பாதிதான், விசார்டின் பாச்சா பலிக்காது.

இருபதில்ஒன்று:
பாதியானாலும் நெருப்பு நெருப்புதான், உடம்பு தேறுவது நின்றுவிடும். ட்ரோலுக்கு நீச்சல் வேகமும் கிடையாது. ஆனால் வெளியே தலை காட்டி அடித்துவிட்டு மூழ்குவதற்குக் குளம் நல்ல இடம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

குகைவாசல், உங்களுக்கு ஒரு இலவச செஷன் கிடைத்திருக்கிறது தெரிகிறதா? உடல் குகையில் கிடக்கிறது, எரிக்கவில்லை. ட்ரோலுக்கு ஒரு மாற்று விதி உண்டு: ஒரே அடியில் 15 அல்லது அதற்கு மேல் வெட்டுச் சேதம் பட்டால், டைஸ் விழுவதைப் பொறுத்து கையோ காலோ தலையோ அறுந்து விழும், விழுந்ததும் சும்மா இருக்காது. தலை நகராது, ஆனால் தன் இடத்துக்குள் வருகிறவரைக் கடிக்கும். இதை வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர்களை ஏமாற்றின மாதிரி ஆகக்கூடாது என்றால், ஊருக்குத் திரும்பும் வழியிலேயே மூட்டை லேசாக அசைகிறது என்று சொல்லிவிடுங்கள். கேட்டவர் பிழைப்பார்.

குகைவாசல்:
ஐயோ, இது நன்றாக இருக்கிறதே. ரேஞ்சருக்கு அந்த மாற்று விதியை இந்த வாரமே கொடுத்துவிடுகிறேன். ஸ்மைட்டைத் தொடவில்லை. தலையில்லாத ட்ரோல் குகையிலிருந்து தடவிக்கொண்டே ஊருக்கு வரும், வழியில் கோப்ளின்கள்.

இருபதில்ஒன்று:
மூட்டையை யார் சுமக்கிறார்கள்?

குகைவாசல்:
பாலடின். பரிசுப் பேரத்துக்குக் கையை உள்ளே விட்டுத் தலையை முடியைப் பிடித்துத் தூக்கிக் காட்டப்போவதாக இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்.