மறு: கள்ளக்காசு, போலி, சாயல்: பட்டியலில் எதை எங்கே வைப்பது?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாலு நாளாகக் குன்னூரில் மழை, மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. நம் நாணயப் பட்டியலில் அசலல்லாத காசுகளை எப்படிப் பிரித்து, என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்ற இழையை இன்றுதான் முழுதாகப் படித்தேன்.

> காசு புழங்கிய காலத்திலேயே செய்தவற்றுக்குச் ‘சமகாலப் போலி’ என்று வைத்துவிடலாமே?

ஐயா, எனக்கு இடிப்பது ‘சமகால’. சமகால இலக்கியம், சமகால அரசியல் என்று பழகிய கண்ணுக்கு அது இன்றைய காலம். நீங்கள் சொல்வது திப்பு காலத்துக் காசைத் திப்பு காலத்திலேயே ஒருவன் திருட்டுத்தனமாக அடித்ததை. படிப்பவரோ போன மாதம் செய்தது என்று எடுத்துக்கொள்வார்.

யாரை ஏமாற்றச் செய்தது என்று பார்த்துப் பிரிப்போம். சந்தையில் சரக்கு விற்றவரை ஏமாற்றியது கள்ளக்காசு. நம்மைப் போலச் சேகரிப்பவரை ஏமாற்றச் செய்வது போலி. ‘கள்ள’ பேச்சுவழக்கு, பட்டியலுக்குப் பொருந்தாது என்று இழையில் சொல்லியிருக்கிறார்கள். கள்ள நோட்டு என்று பேப்பரில் தினம் வருகிறதே! இருக்கிற சொல்லை விட்டுவிட்டு எதற்குப் புதிதாக ஆக்க வேண்டும்?

அடுத்து, செம்பின்மேல் வெள்ளி. என்னிடம் ஒரு தினாரியஸ், அதாவது ரோமானிய வெள்ளிக்காசு இருக்கிறது, பேரரசர் திபேரியஸ் தலை. லென்ஸில் பார்த்தால் காதுக்குப் பின்னால் வெள்ளித்தோல் கொப்புளம் போல எழும்பி வெடித்திருக்கும், உள்ளே செம்பின் பச்சை. விளிம்பில் யாரோ உளியால் கொத்திச் சோதித்த தழும்பு. நாணயம் நோட்டம் பார்ப்பவருக்கு வண்ணக்கன் என்று பழந்தமிழில் பெயரே உண்டு, சங்கப் புலவர்கள் சிலர் பெயரிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வகையை ‘முலாம் பூசியது’ என்று எழுத வேண்டாம். செம்பு வில்லையை வெள்ளித் தகட்டால் சுற்றி, சூடாக்கி, அச்சில் அடிப்பது பழைய முறை. பூச்சு வேறு, பொதிவு வேறு. அதனால்தான் இதைப் பொதிகாசு என்று முன்பே சொன்னேன். கழுதைப் பொதி ஞாபகம் வருகிறது என்று அக்கா எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். இருந்தாலும் சொல்லை மாற்றிக்கொள்ள மனமில்லை.

> வெனிஸ் டுக்கட்டைப் பார்த்து நம்மூர்த் தட்டார் அடித்ததும் கள்ளக்காசுதானா?

இங்கேதான் அவசரப்படக் கூடாது. டுக்கட் என்பது வெனிஸ் அரசு அடித்த தங்கக் காசு. கோத்தகிரியில் ஒரு வீட்டுக் காசுமாலையில் அப்படி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அசலில் வெனிஸ் ஆட்சித்தலைவர் புனித மாற்குவின் முன் மண்டியிட்டுக் கொடிக்கம்பைப் பிடித்திருப்பார், ஓரத்தில் இலத்தீன் எழுத்து. இதில் எழுத்தெல்லாம் குச்சியும் புள்ளியுமாகிவிட்டது. நடுவில் நிமிர்ந்த கம்பும் பக்கத்தில் ஆளும் நம்மவர் கண்ணுக்குப் பனையும் பனையேறியுமாகத் தெரிய, அந்தக் காசுக்கே ஒரு சாதிப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். அந்தப் பெயரைத் தலைப்பில் போடாமல் அடிக்குறிப்பில் சொன்னால் போதும்.

அசல் டுக்கட் சுமார் மூன்றரை கிராம், கிட்டத்தட்டச் சுத்தத் தங்கம். தட்டார் அடித்ததும் அதே மாற்று (தங்கத்தின் தரம்), அதே எடை என்றால் யார் ஏமாந்தது? சந்தைக்குப் பழகிய முகத்தைக் காசுக்குக் கொடுத்தார், அவ்வளவுதான். அது சாயல்காசு. மாற்றுக் குறைத்து அசல் விலைக்குத் தள்ளியிருந்தால் கள்ளக்காசு. ஆக, உரைகல்லில் உரைத்துப் பார்க்காமல் வகை எழுத முடியாது. மாலைக்காரர்கள் உரைக்க விடுவார்களா என்பது வேறு கதை.

முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீர் பெயரில், ஹிஜ்ரி 1172 என்ற ஒரே ஆண்டை மாற்றாமல் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்துவந்த ஆற்காடு ரூபாயைச் சாயலில் சேர்க்க வேண்டாம். அசல் காசுகளின் வழக்கமான பகுதியிலேயே இருக்கட்டும். ஆஸ்திரியாவின் மரியா தெரசா இறந்த பிறகும் 1780 என்றே அடித்த தாலர் என்ற வெள்ளிக்காசுக்கு ‘மறுபதிப்பு’ சரிவராது, அது புத்தகத்துக்கு. நாம் காசை அடிக்கிறோம், எனவே மறுஅடிப்பு. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பம்பாயிலும் இது அடிக்கப்பட்டது என்பதால், அடித்த ஊரையும் தெரிந்தவரை குறிக்க வேண்டும்.

கடைசியாக, ஊட்டியில் ஒரு கடையில் நான் ஏமாந்த கதை. கம்பெனி பெயர், 1818, ஒரு பக்கம் அனுமன். முந்நூறு ரூபாய் கொடுத்தேன். அரிசியை இழுக்கும் என்று வேறு சொன்னார்கள்! கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. அசலே இல்லாததற்குப் போலி ஏது? இதற்குப் புனைகாசு என்று பெயர் வைத்துத் தனிப்பகுதி ஒதுக்குவோம். முதல் படத்துக்கு என்னுடையதையே தருகிறேன், விலைக் கட்டத்தை மட்டும் காலியாக விடுங்கள்.