1965 மோரிஸ் மைனருக்கு ஏசி: பொருத்தியவர்கள் வழிகாட்டுங்கள்

மொரீஷியஸ் உறவுகளுக்கு வணக்கம். அப்பாவின் மோரிஸ் மைனர் 1000 காருக்கு ஏசி பொருத்த விரும்புகிறேன். தைப்பூசக் காவடி இங்கே கோடையின் உச்சத்தில் வருகிறது. போர்ட் லூயிஸ் புழுக்கத்தை அம்மாவால் தாங்க முடியவில்லை.

என்ஜின் 1098 சிசி. பழைய டைனமோ 22 ஆம்பியர்தான் தரும். ஏசியின் விசிறிகளுக்கே அது போதாது. ஆகவே அதிக மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் கட்டாயம். அதற்காகப் பாசிட்டிவ் எர்த்தை (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டி உடலோடு இணைந்திருப்பது) நெகட்டிவாக மாற்றவும் தயார். என் பெரிய கவலை, மேட்டு நகரமான க்யூர்பிப்புக்கு ஏறும்போது என்ஜின் சூடாவதுதான். ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரை முன்னால் வைத்தால் ரேடியேட்டருக்குச் சூடான காற்றுதானே போகும்? சமாளித்தவர்கள் உண்டா?

ஏசி வாயுவை அழுத்தும் சிறிய ரோட்டரி கம்ப்ரசரைத் தாங்கும் பிராக்கெட்டை எங்கே செய்தீர்கள்? டாஷ்போர்டை வெட்ட மட்டும் சம்மதிக்க மாட்டேன். குளிர்க்காற்றுப் பெட்டி அதன் அடியில் தொங்கட்டும். பழைய வண்டியை மதித்து வேலை செய்யும் மெக்கானிக் தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.