ஆல்ஃபா 0.90, ஆனால் ஒற்றைக் காரணி மாதிரி பொருந்தவில்லை. ஏன்?

கேள்வி:
பதற்றத்தை அளக்கும் 20 வினாக்கள், ஐந்து தெரிவுகள், 430 பேரின் பதில்கள். 6 வினாக்கள் எதிர்த்திசையில் உள்ளவை ("நிதானமாக இருக்கிறேன்" போல), மதிப்பெண்ணைத் திருப்பியாகிவிட்டது (5-ஐ 1 ஆக, 4-ஐ 2 ஆக). ஆல்ஃபா (வினாக்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைக் காட்டும் நம்பகத்தன்மை அளவு) 0.90. ஆனால் 20 வினாக்களும் ஒரே மறைந்த பண்பை (காரணியை) அளக்கின்றன என்று கொண்டு ஓட்டிய உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வில், பொருத்தத்தைக் காட்டும் சிஎஃப்ஐ 0.84 (1-ஐ நெருங்கினால் நல்லது), ஆர்எம்எஸ்இஏ 0.11 (0-ஐ நெருங்கினால் நல்லது). அந்த 6 வினாக்களும் தனியாகக் கூடுகின்றன. 'பதற்றம்', 'நிதானம்' என இரண்டு துணை அளவைகளாகப் பிரித்துவிடலாமா?

பதில் 1:
ஆல்ஃபாவை இதில் இழுக்காதீர்கள். வினாக்களுக்கிடையே சராசரி ஒட்டுறவு (சேர்ந்து ஏறி இறங்கும் அளவு) 0.30 இருந்தாலே 20 வினாக்களுக்கு ஆல்ஃபா 0.90 வந்துவிடும். அதே ஒட்டுறவில் 10 வினாக்கள் என்றால் 0.81தான். காரணி ஒன்றா இரண்டா என்பதை அது சொல்லாது.

பதில் 2:
பிரிப்பதற்கு முன் மூலத் தரவைப் பாருங்கள். பத்தில் ஒருவர் வினாவைப் படிக்காமல் ஒரே பக்கமாகக் குறித்தாலே ஒற்றைக் காரணி மாதிரி அடிபட்டுப் போகலாம் என்று சிமுலேஷன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மதிப்பெண்ணைத் திருப்புவதற்கு முந்தைய கோப்பில் "படபடப்பாக இருக்கிறது", "நிதானமாக இருக்கிறேன்" இரண்டுக்கும் 5 போட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களைச் சேர்த்து ஒருமுறை, நீக்கி ஒருமுறை ஓட்டுங்கள். (வரிசையாக 3 போட்டவர்கள் இந்தச் சோதனையில் சிக்கமாட்டார்கள், நடுத்தெரிவைத் திருப்பினாலும் 3தான். அவர்களைத் தனியாகத் தேட வேண்டும்.)

அதற்குப் பிறகும் பிரிந்தால், 20 வினாக்களையும் பொதுக் காரணியில் ஏற்றி, அந்த 6 வினாக்களை மட்டும் கூடுதலாக ஒரு முறைக் காரணியிலும் (வினா எழுதப்பட்ட விதத்தால் வரும் ஒற்றுமையைப் பிடிக்கும் காரணி) ஏற்றுங்கள். இரண்டு காரணிகளுக்கும் இடையிலான ஒட்டுறவை 0 என நிறுத்திவிடுங்கள். கூடுவது 6 அளவுருக்கள். ஆறின் பிழைகளையும் ஒன்றோடொன்று இணைத்தால் 15 கூடும்; பொருத்தம் அழகாகும், விளக்கம் ஒன்றும் கிடைக்காது. திருத்தக் குறியீட்டை (எதைச் சேர்த்தால் பொருத்தம் எவ்வளவு மேம்படும் என மென்பொருள் காட்டும் எண்) பார்த்து ஒவ்வொன்றாகச் சேர்ப்பது அதைவிட மோசம்.

அடுத்து படிநிலை ஒமேகா, அதாவது மொத்த மதிப்பெண்ணில் பொதுக் காரணியின் பங்கு: பொதுக் காரணிச் சுமைகளின் (ஒவ்வொரு வினாவும் காரணியோடு பிணைந்திருக்கும் அளவுகளின்) கூட்டுத்தொகையை வர்க்கமாக்கி, மொத்த மதிப்பெண்ணின் மாறுபாட்டால் வகுக்க வேண்டும். 0.80க்கு மேல் நின்றால் மொத்த மதிப்பெண்ணையே வைத்துக்கொள்வேன்.

பதில் 3:
எந்த மதிப்பீட்டு முறை? எம்எல் (பதில்களைத் தொடர் எண்களாகக் கொள்ளும் வழக்கமான முறை) என்றால், ஐந்து தெரிவுகளும் ஒரு பக்கம் சரிந்த பரவலும் இருக்கும்போது சுமைகள் குறைவாகத் தெரியும். பாலிகோரிக் ஒட்டுறவு (வரிசைத் தெரிவுகளுக்கான ஒட்டுறவு), அதற்கேற்ற டபிள்யூஎல்எஸ்எம்வி மதிப்பீட்டு முறை போதும். ஆனால் சிஎஃப்ஐக்கு 0.95, ஆர்எம்எஸ்இஏக்கு 0.06 என்ற வெட்டுப்புள்ளிகள் 1999-இல் தொடர் தரவுக்காக, எம்எல் முறையில் வகுக்கப்பட்டவை. இங்கே அப்படியே பொருத்தாதீர்கள்.

கேட்டவர்:
எம்எல்தான். மூன்று வினாக்களில் 5-ஐத் தேர்ந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை.

பதில் 3:
அப்படியானால் அந்த மூன்றிலும் 4-ஐயும் 5-ஐயும் ஒன்றாக்குங்கள். இல்லையென்றால் இரு வினா அட்டவணைகளில் வெற்றுக் கட்டங்கள் விழுந்து பாலிகோரிக் மதிப்பு நிலைகொள்ளாது. காரணிகளின் எண்ணிக்கைக்கு 'ஐகன் மதிப்பு (ஒரு காரணி விளக்கும் மாறுபாட்டின் அளவு) 1க்கு மேல்' விதி வேண்டாம், அது கூடுதலாகவே எடுக்கும். ஹார்ன் 1965-இல் தந்த இணைப் பகுப்பாய்வை (தற்செயல் தரவின் ஐகன் மதிப்புகளோடு ஒப்பிடும் முறை) பயன்படுத்துங்கள். அதுவும் எதிர்த்திசை வினாக்களைத் தனியாகக் காட்டக்கூடும். 'நிதானம்' உண்மையிலேயே தனிப் பண்பு என்றால், தூக்கம் போன்ற வெளி அளவையோடு அதன் ஒட்டுறவு பதற்றத்தினுடையதிலிருந்து வேறுபட வேண்டும். அந்தத் தரவு கையில் இல்லாமல் துணை அளவை என்று எழுதாதீர்கள்.