ஹெல்மெட், வியர்வை, முன்நெற்றியில் சுழி: எந்த பொமேட் வாங்கலாம்?

தாம்பரம்_டு_கிண்டி:

வணக்கம். முடியைப் படிய வைக்கப் பூசுகிற பசையான பொமேட்டைத் தினமும் பயன்படுத்துகிறவர்கள் வழி சொல்லுங்கள். வயது 27. அடர்த்தியான முடி, லேசான அலை, உச்சியில் நாலு விரற்கடை நீளம், பக்கங்களில் ஒட்ட வெட்டியிருக்கிறேன். முன்நெற்றியில் இடப்பக்கம் ஒரு சுழி இருக்கிறது, எப்படி வாரினாலும் அரை மணி நேரத்தில் அந்த இடம் மட்டும் எழுந்து நின்றுவிடும். தினமும் தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு பைக்கில் போகிறேன், ஹெல்மெட்டைக் கழற்றினால் தலை சப்பையாக இருக்கும்.

போன மாதம் ஆன்லைனில் ஒரு டப்பா வாங்கினேன், பெயர் வேண்டாம். குளித்துவிட்டு வழக்கம்போல் தேங்காய் எண்ணெய் வைத்து அதன் மேல் இதைப் பூசினேன். காலையில் பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது, மதியத்துக்குள் வியர்வையோடு சேர்ந்து நெற்றியில் இறங்கிவிட்டது, ராத்திரி மூன்று தடவை ஷாம்பு போட்டும் பிசுக்கு போகவில்லை. இரண்டு வாரம் விடாமல் போட்டதில் நெற்றி ஓரம் முழுக்கப் பொரிப்பொரியாக வந்திருக்கிறது.

அடுத்த மாதம் தங்கை கல்யாணம். ஓமகுண்டத்தின் பக்கத்தில் நின்று பொரி போட வேண்டியவன் நான்தான், போட்டோவில் எல்லாவற்றிலும் இருப்பேன். எண்ணெய் வகை, தண்ணீர் வகை என்று ஏதோ சொல்கிறார்களே, எனக்கு எது சரிவரும்? எவ்வளவு எடுக்க வேண்டும்?

சீப்பும்_கத்தரியும்:

தம்பி, மதுரையில் 18 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். டப்பாவை மாற்றுவது அப்புறம், முதலில் குளித்த பிறகு எண்ணெய் வைப்பதை நிறுத்துங்கள். முடிக்கும் பொமேட்டுக்கும் நடுவில் எண்ணெய் இருந்தால் எந்த டப்பாவும் வழுக்கத்தான் செய்யும். எண்ணெய் வைத்தே பழகிவிட்டது என்றால் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்து அலசிவிடுங்கள்.

வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். பட்டியலில் முதலில் பெட்ரோலேட்டம், மினரல் ஆயில், தேன்மெழுகு, லனோலின் என்று வந்தால் அது எண்ணெய் வகை. அக்வா என்று ஆரம்பித்தால் தண்ணீர் வகை. முன்பக்கம் ஸ்ட்ராங் ஹோல்ட் என்று இரண்டிலுமே போட்டிருப்பார்கள், அதை வைத்து ஒன்றும் தெரியாது. ஒரே கம்பெனியே இரண்டு வகையும் செய்யும். நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் ஸ்கோரம் சலூன்காரர்கள் ஆரம்பித்த ரியூசல் கம்பெனியில் நீல டப்பாவும் சிவப்பு டப்பாவும் தண்ணீரில் கரையும், பச்சையும் பிங்க்கும் எண்ணெய் வகை. தெரியாமல் மாற்றி வாங்கி வந்து என்னிடம் காட்டுகிறவர்கள் உண்டு.

உங்களுடையது வழிந்ததற்குக் காரணம் சூடுதான். பெட்ரோலேட்டம் நம் ஊர் வெயிலிலேயே இளகிவிடும். தேன்மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் வேண்டும், அதனால் மெழுகு கூடுதலாக உள்ளது நிற்கும், ஆனால் கழுவுவது பெரும்பாடு. சென்னை, ஹெல்மெட், தினமும் தலைக்குக் குளிக்கிறவர், இதெல்லாம் சேர்ந்தால் தண்ணீர் வகையில் நடுத்தரப் பிடி உள்ளதை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

இனி போடும் முறை, பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இதில்தான். தலையைத் துவட்டி, லேசான ஈரம் மட்டும் இருக்கும்போது சுழியைக் கவனியுங்கள். ஹேர் ட்ரையர் இருந்தால் அந்த இடத்து முடியை வேரோடு ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி வாரிக் காய வையுங்கள். ட்ரையர் இல்லையென்றால் வாரிய பிறகு துண்டை இறுக்கிக் கட்டிப் பத்து நிமிடம் விடுங்கள். வகிடும் சுழி சுற்றுகிற பக்கமே போகட்டும், எதிர்ப்பக்கம் இழுத்தால் தோற்றுப்போவீர்கள். அந்த இடத்தைக் குட்டையாக வெட்ட விடாதீர்கள், நீளம் இருந்தால் தன் கனத்திலேயே படியும்.

அதன் பிறகுதான் பொமேட். சுண்டைக்காய் அளவு போதும். உள்ளங்கையில் கட்டி எதுவும் தெரியாத அளவுக்குச் சூடு வரத் தேய்த்துவிட்டு, பின்னந்தலையில் ஆரம்பியுங்கள், பிறகு பக்கங்கள், பிறகு உச்சி, கையில் மிச்சம் ஒட்டியிருப்பது மட்டும் முன்நெற்றிக்கு. எல்லோரும் முன்னால் ஆரம்பிப்பார்கள், அங்கேதான் அப்பிக்கொள்கிறது. பற்றவில்லையென்றால் இன்னும் பாதி எடுக்கலாம், அதிகமானதைத் திரும்ப எடுக்க முடியாது.

எண்ணெய்க்_கட்சி:

அண்ணன் சொன்ன முறை சரி, ஆனால் ஹெல்மெட் போடுகிறவருக்குத் தண்ணீர் வகையைச் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதில் பிடிப்பைக் கொடுப்பது முடிமேல் காய்ந்து படலமாகிற ஒரு பாலிமர், பலவற்றில் பிவிபி என்று இருக்கும். அது காய்ந்தபின் ஹெல்மெட் அழுத்தினால் படலம் உடைகிறது, சீப்பை விட்டால் வெள்ளைத் தூளாக உதிர்கிறது, அது பொடுகு இல்லை என்று பார்க்கிற ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. தவிர பிவிபி காற்றின் ஈரத்தை இழுக்கும், சென்னைப் புழுக்கத்தில் பிசுபிசுக்கும். எண்ணெய் வகை காய்வதே இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றி நாலு தடவை சீப்பை ஓட்டினால் காலையில் வாரியபடியே வந்து உட்காரும்.

நான் கோவையில் ஐந்து வருடமாக முர்ரேஸ் என்ற எண்ணெய் வகை பொமேட் வைக்கிறேன், 1920-களில் சிகாகோவில் ஒரு முடிதிருத்துநர் கொண்டுவந்தது, ஆரஞ்சு டப்பா. குளிர்நாளில் நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும், ஹேர் ட்ரையரை டப்பாவுக்குள் இரண்டு நொடி காட்டினால் இளகும். கடலைப்பருப்பு அளவுக்கு மேல் நான் எடுத்ததில்லை.

கழுவுவதற்கும் வழி இருக்கிறது. தலையை நனைக்காமலே தேங்காய் எண்ணெயை நன்றாகத் தேய்த்து ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள், எண்ணெய் எண்ணெயில் கரையும். பழைய துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டு, அப்புறம் சீயக்காய்த் தூளை வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்த்து அலசுங்கள். மூன்று ஷாம்புவில் போகாதது ஒரே அலசலில் போகும். தண்ணீரை முதலில் ஊற்றியதுதான் நீங்கள் செய்த தவறு.

மருந்துக்கடைக்காரி:

நெற்றியில் வந்திருப்பதைப் பற்றி யாருமே பேசவில்லையே. தலையில் பூசுகிற எண்ணெய்ப்பசை நெற்றி ஓரத்துத் துவாரங்களை அடைத்துப் பரு வருவது தோல் மருத்துவத்தில் பழைய விஷயம், பொமேட் ஆக்னி என்றே அதற்குப் பெயர். பார்க்காமல் உங்களுக்கு வந்திருப்பது அதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் சொல்வதெல்லாம் அதோடு பொருந்துகிறது.

நெற்றி அடங்கும்வரை எந்த பொமேட்டும் வேண்டாம். பிறகு ஆரம்பிக்கும்போது முடி தொடங்கும் கோட்டிலிருந்து ஒரு விரல் தள்ளியே பூசுங்கள், தலைத்தோலில் படக்கூடாது. ராத்திரி அலசாமல் படுக்காதீர்கள். தலையணை உறையையும் ஹெல்மெட்டின் உள் துணியையும் துவையுங்கள், அந்த எண்ணெய் தினமும் உங்கள் நெற்றியில்தான் திரும்பப் படிகிறது. கிள்ளவே கிள்ளாதீர்கள், தழும்பாகும். நாலைந்து வாரத்தில் குறையவில்லை, அல்லது வலியோடு சீழ் வைக்கிறது என்றால் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

எண்ணெய்க் கட்சி அண்ணாவுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தோலுக்கு அது ஒத்துக்கொண்டிருக்கிறது, சந்தோஷம். ஏற்கெனவே பரு வந்தவருக்கு அதையே திரும்பப் பூசச் சொல்லாதீர்கள்.

கிள்ளான்_வாசி:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரும் சென்னை மாதிரிதான், வருடம் முழுக்கப் புழுக்கம். தாத்தா தஞ்சோ என்ற பொமேட் வைப்பார், லாவெண்டர் வாசனை வரும், அவர் கதவைத் தாண்டிப் போனாலே தெரியும். இப்போது கேட்ஸ்பி விற்கிற ஜப்பானின் மேண்டம் கம்பெனிதான் அதையும் கொண்டுவந்தது, 1933-லேயே. தாத்தா விரல் நுனியில் தொட்டு எடுப்பார், அவ்வளவுதான், ஒரு டப்பா மாதக்கணக்கில் வரும்.

நானும் மோட்டார் ஓட்டுகிறவன், நான் வைப்பது தண்ணீர் வகை. வேலையிடத்துக்குப் போனதும் சீப்பைக் குழாயில் நனைத்து வாரினால் காலையில் போட்டதே மறுபடி பிடித்துக்கொள்ளும். ஹெல்மெட்டுக்கு உள்ளே மெல்லிய பருத்தித் துணி ஒன்று கட்டிக்கொள்கிறேன், வியர்வையை அது வாங்கிக்கொள்ளும். முக்கியமாக, போட்டவுடன் ஹெல்மெட்டை மாட்டாதீர்கள். நான் ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான் பொமேட்டே போடுகிறேன், டப்பா பையில் இருக்கும்.

தாம்பரம்_டு_கிண்டி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் இரண்டு வாரம் தலையில் ஒன்றுமே வைக்கவில்லை, அந்த டப்பாவை நண்பனிடம் கொடுத்துவிட்டேன், உறையை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றினேன். நெற்றியில் புதிதாக எதுவும் வரவில்லை, பழையதும் முக்கால்வாசி அடங்கிவிட்டது. தேங்காய் எண்ணெய், சீயக்காய் முறையில் பிசுக்கு முதல் தடவையிலேயே போனது, அம்மாவுக்கு அதில் பெரிய சந்தோஷம்.

இந்த வாரம் தண்ணீர் வகை வாங்கி, ஆபீஸ் போன பிறகு போடுகிறேன். முதல் நாள் சுண்டைக்காய் அளவே எனக்கு அதிகமாகப் பட்டது, இப்போது அதில் பாதிதான். சுழிக்குத் துண்டு கட்டுவது நன்றாக வேலை செய்கிறது, மாலை ஐந்து மணிவரை படிந்தே இருக்கிறது. ஒரு கேள்வி மட்டும் பாக்கி. ஓமப் புகைக்கும் சூட்டுக்கும் பக்கத்தில் இரண்டு மணி நேரம் இது நிற்குமா? முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு.

சீப்பும்_கத்தரியும்:

நிற்கும். நாலரைக்கே குளித்து, முழுக்கக் காய்ந்த தலையில் போடுங்கள், ஈரத்தலையில் போட்டால் பளபளப்பு ஏறும், பிடிப்பு குறையும். அன்றைக்கு மட்டும் தினமும் எடுப்பதைவிடக் கொஞ்சம் கூட எடுக்கலாம். வியர்த்தால் முகத்தை ஒற்றி எடுங்கள், கையைத் தலைக்குக் கொண்டுபோகாதீர்கள். சீப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பொரி போட்டு முடித்ததும் போட்டோவுக்கு முன்னால் நனைத்து ஒருமுறை வாரினால் போதும். முடிவெட்டை முகூர்த்தத்துக்கு ஐந்து நாள் முன்னாலேயே முடித்துவிடுங்கள், தம்பி. முந்தின நாள் வெட்டினால் சுழி எழும்பி நிற்கும்.