எங்கள் பெண்கள் குழு பேசி முடித்த சமாதானம் தப்பா?

பீடித்தட்டு:
ஆலங்குளம் பக்கம் ஊர். பீடி சுற்றுகிறேன். கீழத்தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் ஒரே பீடிக்கடைதான். இலை வாங்க, பீடி போட எல்லாரும் ஒரே வரிசையில் உட்காருவோம். சுற்றிய பீடி சரியில்லை என்று கழித்துப் போட்டால் இரண்டு தெருவும் சேர்ந்துதான் கடைக்காரரோடு சண்டைக்குப் போவோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனை, கூடப் படித்த பையன்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டிய பிறகு, நம் பிள்ளைகளும் இப்படி ஆகிவிடக் கூடாதென்று பதினோரு பேர் குழுவாகச் சேர்ந்தோம். பேர்கூட வைக்கவில்லை. பள்ளியில் சாதியைக் காட்டும் கைக்கயிறு கூடாதென்று, மாணவர்களுக்குள் சாதி மோதலைத் தடுக்க அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் பரிந்துரைத்ததே, அதைச் சொல்லித்தான் பையன்களின் கயிற்றை அவிழ்க்க வைத்தோம். (என் மகன் மூன்று நாள் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டில் தின்றிருக்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது.)

போன மாதம் பஸ்ஸில் கீழத்தெருப் பையன் ஒருவனை எங்கள் தெருப் பையன்கள் நாலு பேர் சாதியைச் சொல்லி அடித்துவிட்டார்கள். உதட்டில் மூன்று தையல். நாங்கள் மன்னிப்புக் கேட்க வைத்து, கேஸ் வேண்டாம் என்று அவன் அம்மாவிடம் பேசி முடித்தோம். இப்போது அவள் வரிசையில் எங்களோடு உட்காருவதில்லை. இலையை வாங்கியதும் நேரே போய்விடுகிறாள். நாங்கள் செய்தது தப்பா?

பேட்டை பெரியம்மை:
மன்னிப்பு எங்கே வைத்துக் கேட்டார்கள் தங்கச்சி? அவள் வீட்டுக்குப் போயா, அவளை வரச் சொல்லியா?

வழக்காடி:
பையன் பட்டியல் சாதி என்றால் இது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும். முதல் தகவல் அறிக்கை போட முன்விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் சொல்கிறது. ஒரு மாதம் ஆனாலும் புகார் கொடுக்கலாம், தாமதத்துக்குக் காரணத்தை எழுதிவிடுங்கள். அந்த அம்மாவுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப்பணிகள் குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார். அடித்தவர்கள் பதினெட்டுக்குக் கீழே என்றால் முதலில் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்துவார்கள். ஜெயிலில் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில்தானே நீங்கள் அவசரப்பட்டீர்கள்?

சும்மா ஒருவன்:
ஊர் அமைதியாக இருக்கிறது. எதற்கு அக்கா கிளறுகிறீர்கள்?

பீடித்தட்டு:
பெரியம்மை, என் வீட்டுத் திண்ணையில்தான் கேட்டார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்தோம், அவள் நின்றாள். நீங்கள் கேட்ட பிறகுதான் அது உறைத்தது. வக்கீல் சார் சொன்ன பயமும் உண்மை. நாலு பேரில் ஒருவன் என் கொழுந்தன் மகன், அதை முதலில் எழுதாமல் விட்டுவிட்டேன்.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். இலை வெட்டிக்கொண்டிருந்தாள், வா என்றுகூடச் சொல்லவில்லை. இன்னொரு கத்திரி கிடந்தது, நானும் உட்கார்ந்து வெட்டினேன். ஒரு கட்டு முடிந்ததும், "கேஸ் கொடுத்தா ஒன் தெருக்காரங்க ஒன்ன வீட்டுல இருக்க விடுவாங்களா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் சட்டப்பணிகள் குழுவுக்குப் போகிறோம். அன்றைக்கு எங்கள் இலையை மதினி வாங்கி வைப்பாள். சும்மா ஒருவன் தம்பி, அந்தப் பையன் இன்னும் பஸ் ஏறவில்லை. சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போகிறான்.